கட்டிவிட்டுக் குதித்தவர்கள்



சென்ற ஆண்டு ஒரு நாள் அஸருக்கு முன், மதரஸாவில் தவக்குல் பற்றிய பாடம் நடந்து கொண்டிருந்தது. இறைவன் மீது பொறுப்பைச் சாட்டுதல் என்றால் என்ன, அதன் எல்லை எது என்று விளக்கிக் கொண்டிருந்தேன். பின் வரிசையில் அமர்ந்திருந்த பதினான்கு வயது மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், ஆகாய விமானத்திலிருந்து பாராசூட்டைக் கட்டிக்கொண்டு குதிக்கிறார்களே, அவர்களில் ஒருவர் இறந்துபோனால் அது தற்கொலையில் சேருமா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அந்தப் பிள்ளையின் காக்கா, வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர், இரவு நேரத்தில் தலைக்கவசமின்றி மோட்டார் சைக்கிளில் சென்று, மய்யித்தாக வீடு வந்து சேர்ந்திருந்தார். ஜனாஸாவுக்கு வந்த அத்தனை பேரும் "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லிச் சென்றார்கள். நானும் அதையே சொன்னேன். அது உண்மை, அதை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால், தலைக்கவசம் வீட்டு அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்ததையும் அந்தப் பிள்ளை பார்த்திருக்கிறான். அவன் கேட்டது பாராசூட்டைப் பற்றிய கேள்வியே அன்று என்பது எனக்குப் புரிந்தது.

"நாளை சொல்கிறேன்" என்றேன். நாளைகள் பல கடந்தன. கல்லூரியில் வரலாறு படித்தவன் என்பதால், எதற்கும் அதன் கதையைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்தத் தேடல் என்னை அமெரிக்காவின் ஒரு சிற்றூருக்குக் கொண்டு சென்றது. அங்கே கண்டதை அவனுக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

ஊரும் விமானத் திடலும்

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் என்றொரு மாநிலம். அதன் வடபகுதியில், மில்லர்ஸ் என்னும் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் ஆரஞ்சு. பெயரைக் கேட்டுப் பழத்தோட்டங்களைக் கற்பனை செய்துவிடாதீர்கள். ஐரோப்பிய இளவரசர் ஒருவரின் பட்டப்பெயர் அது. சுமார் 7,500 பேர் வாழும் ஊர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'நியூ ஹோம்' என்ற புகழ்பெற்ற தையல் இயந்திரங்கள் இவ்வூரில்தான் உருவாயின. மரவள்ளிக் கிழங்கிலிருந்து விரைவில் வேகும் ஜவ்வரிசி தயாரித்து நாடெங்கும் அனுப்பிய நிறுவனமும் இங்கேதான் இருந்தது. பின்னர் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின, இடம் மாறின. ஊர் ஓய்ந்தது.

அவ்வூருக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் உண்டு. விமான நிலையம் என்றதும் மீனம்பாக்கமும் திருச்சியும் உங்கள் நினைவுக்கு வரலாம். ஹஜ்ஜுக்குச் செல்பவரை வழியனுப்பும் கண்ணீர்க் கூட்டமும், பெட்டிகளைக் கயிற்றால் கட்டிச் சுமந்து வரும் வளைகுடாச் சகோதரர்களும் அங்கே உண்டு. ஆரஞ்சு நிலையத்தில் இவை எதுவும் இல்லை. கால அட்டவணைப்படி வந்து போகும் பயணிகள் விமானமும் இல்லை. நகராட்சி பூங்காவையும் நூலகத்தையும் பராமரிப்பதுபோல் அவ்வூர் மக்கள் தம் விமானத் திடலைப் பராமரிக்கிறார்கள். சொந்தச் சிறு விமானம் வைத்திருப்போரும், ஓட்டக் கற்றுக்கொள்வோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரமும் கிடையாது. "இறங்கு", "ஏறு" என்று கட்டளையிட மேலே ஆள் இல்லை. விமானம் ஓட்டுபவர் ஒவ்வொருவரும் பொதுவான ஒரே வானொலி அலைவரிசையில், தாம் எங்கே இருக்கிறோம், எந்தப் பக்கமாக இறங்கப் போகிறோம் என்று அறிவித்துக்கொண்டே வருகிறார்கள். மற்றவர் கேட்டு ஒதுங்குகிறார்கள். கண்காணிப்பாளர் இல்லாத இடத்தில் ஒழுங்கு இருக்குமா என்று ஐயுறுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். பிறர் உயிர் மீதுள்ள அக்கறையே அங்கே காவலராக நிற்கிறது.

பிரான்சிலிருந்து வந்தவர்

இந்த அமைதியான திடலுக்கு 1959-ஆம் ஆண்டில் ஒருவர் வந்தார். பெயர் ழாக் ஆந்த்ரே இஸ்டல். 1929-இல் பாரிஸ் நகரில் பிறந்தவர். 1940-இல் ஜெர்மானியப் படை பிரான்சில் நுழைந்தபோது, குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் புறப்பட்டு அமெரிக்கா சேர்ந்த அகதிச் சிறுவர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார். கொரியப் போரில் அமெரிக்கக் கடற்படைத் துருப்பில் பணியாற்றினார்.

அந்நாளில் பாராசூட் என்பது போர்வீரனின் கருவி. அல்லது தீப்பற்றிய விமானத்திலிருந்து தப்பும் விமானியின் கடைசிப் புகலிடம். இவர்கள் தவிர எவரேனும் குதித்தால், திருவிழாவில் கூட்டம் சேர்க்கும் வித்தைக்காரர் என்றே உலகம் அவரைக் கண்டது. ஐரோப்பாவில் மட்டும் அது முறையாகக் கற்பிக்கப்படும் விளையாட்டாக வளர்ந்து வந்தது. பிரான்சில் அதைக் கண்ட இஸ்டல், அமெரிக்காவுக்குக் கொண்டுவர முனைந்தார். 1956-இல் மாஸ்கோவில் நடந்த உலகப் போட்டிக்கு அமெரிக்க அணியை அழைத்துச் சென்றார். பனிப்போர் உச்சத்திலிருந்த காலம் அது! மறு ஆண்டு தம் நண்பர் லூ சான்பார்ன் என்பவரோடு சேர்ந்து ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்காவில் வான்குதிப்பு வல்லுநர்க்கு வழங்கப்படும் உயர்தர உரிமத்தின் முதல் எண் இந்தச் சான்பார்னுக்கே உரியது.

இவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. பெரிய நகரின் விமான நிலையங்களில் இதற்கு இடமேது? ஆரஞ்சு ஊரின் திடலோ நீண்ட ஓடுதளங்களோடு அதிக வேலையின்றிக் கிடந்தது. 1959-இல் அங்கே, பொதுமக்களுக்கென வணிக முறையில் நடத்தப்பட்ட அமெரிக்காவின் முதல் பாராசூட் பயிற்சி நிலையம் திறக்கப்பட்டது. மாணவர், ஆசிரியர், அலுவலர் என்று பலதரப்பட்டோர் அங்கே வந்து முறையாகக் கற்றார்கள். மூன்றே ஆண்டுகளில், 1962-இல், ஆறாவது உலகப் பாராசூட் போட்டி இச்சிற்றூரில் நடந்தது. அமெரிக்க மண்ணில் அப்போட்டி நடந்தது அதுவே முதல் முறை. பல நாட்டு அணிகள் அங்கே கூடின. ஆடவரில் ஜிம் அரெண்டரும், பெண்டிரில் மியூரியல் சிம்ப்ரோவும் உலக முதன்மை பெற்றனர், இருவரும் அமெரிக்கர்.

குதிப்பதற்கு முன்

சகோதரர்களே! இவ்வரலாற்றில் என்னைக் கவர்ந்தது போட்டியோ பதக்கமோ அன்று. குதிப்பதற்கு முன் அவர்கள் செய்த காரியங்களே என்னை நிறுத்தி வைத்தன.

புதிதாக வருபவரை முதலில் வானத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. மண்ணில் வைத்துப் பயிற்சி தருவார்கள். விமானத்தை விட்டு விலகும்போது உடலை எப்படி வளைப்பது. தரையைத் தொடும்போது பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோள் என்று அதிர்ச்சியைப் பகிர்ந்து எப்படி உருள்வது. முதற்குடை விரியாவிட்டால் என்ன செய்வது என்றெல்லாம் பலமுறை பழக்குவார்கள். பிறகு சுமார் 2,500 அடி உயரத்துக்கு அழைத்துச் செல்வார்கள். அங்கேயும் அவரை நம்பி விட்டுவிடுவதில்லை. அவருடைய குடைப்பையிலிருந்து ஒரு நாடா புறப்பட்டு விமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவர் குதித்தவுடன் அந்த நாடாவே இழுத்துக் குடையைத் திறந்துவிடும். அச்சத்தில் கை மறந்தாலும் கட்டு மறக்காது. குதித்தவர் எண்ணிக்கொண்டே மேலே நோக்கி, குடை ஒழுங்காக விரிந்ததா என்று பார்க்க வேண்டும். விரியாவிட்டால், மார்பில் கட்டியிருக்கும் இரண்டாம் குடையைத் திறக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து எதுவும் விரியாமல் விழுந்தால் தரை வந்து சேர இருபது விநாடிகூட ஆகாது. அந்த இருபது விநாடிக்காகவே பல மணி நேரப் பயிற்சி!

குடை சட்டென்று விரிந்தால் உடலை உலுக்கி எடுத்துவிடும் என்பதால், துணியை ஒரு நீண்ட உறைக்குள் வைத்து மெல்ல விரியச் செய்யும் முறையையும் இஸ்டலும் சான்பார்னும் அங்கே பரப்பினார்கள். இவ்வாறு தவறு ஒன்று நேர்ந்தால் அதற்கொரு காப்பு, அக்காப்பும் தவறினால் மற்றொரு காப்பு என்று அடுக்கிக்கொண்டே சென்றார்கள்.

மடித்தவரின் முத்திரை

இன்னொரு செய்தி, இதனினும் பெரிது. குதிப்பவர் தம் முதற்குடையைத் தாமே மடித்துக்கொள்ளலாம். ஆனால் உயிர்காக்கும் இரண்டாம் குடையை அவர் தொடவும் அமெரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அரசின் உரிமம் பெற்ற 'ரிக்கர்' என்பவரே அதை மடிக்க வேண்டும். அந்த உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றும் உண்டு. தேர்வுக்கு முன்பே குறைந்தது 20 குடைகளை மடித்துப் பழகியிருக்க வேண்டும். ஒருமுறை மடித்தது 180 நாள்களுக்கே செல்லும். பயன்படுத்தாமலே இருந்தாலும், கெடு முடிந்ததும் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். மடித்து முடித்ததும் அவர் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, அதில் ஈயத்தால் தம் தனி முத்திரையைப் பதித்து, அட்டையில் தேதியிட்டுக் கையொப்பமிடுகிறார்.

அவர் மடித்த குடை பெரும்பாலும் திறக்கப்படாமலே கெடு முடிந்து அவரிடம் திரும்பி வரும். அவருடைய உழைப்பை எவரும் காண்பதில்லை. அதற்காக அவர் ஒரு மடிப்பைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது. அமானிதம் என்ற சொல்லை நாம் எத்தனையோ பயான்களில் கேட்கிறோம். அதைக் கண்ணால் காண விரும்புவோர் அந்த ஈய முத்திரையை எண்ணிப் பார்க்கட்டும். பள்ளி வேன் ஓட்டும் சகோதரரே, கட்டடத்துக்குக் கம்பி கட்டும் சகோதரரே, மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துத் தரும் சகோதரியே! நம் ஒவ்வொருவரின் கையிலும் பிறருடைய இரண்டாம் குடை ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

காலப்போக்கில் காப்புகள் இன்னும் பெருகின. 1991-இல் ஜெர்மானியர் ஒருவர், தாழ்ந்த உயரத்திலும் ஒருவர் வேகமாக விழுந்து கொண்டிருந்தால் காற்றழுத்தத்தால் அதை உணர்ந்து தானே இரண்டாம் குடையைத் திறந்துவிடும் கருவியை வெளிக்கொணர்ந்தார். குதிப்பில் நண்பர் ஒருவரை இழந்த துயரமே அவரை அந்தப் பணியில் இறக்கியது. இவற்றின் விளைவைக் கணக்கில் பாருங்கள். 1970-களில் அமெரிக்காவில் வான்குதிப்பில் இறந்தோர் ஆண்டுக்குச் சராசரியாக 40-க்கு மேல். குதிப்போர் தொகை பன்மடங்கு பெருகிவிட்ட 2023-இல், 36 இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிப்புகளில் இறந்தவர் 10 பேர். வானமும் மாறவில்லை; பூமியின் ஈர்ப்பும் குறையவில்லை. மனிதர் தம் கட்டுகளை ஒழுங்காகக் கட்டிக்கொண்டார்கள்.

நம் முன்னோர் இருவர்

விண்ணில் சிறகு விரிக்கும் ஆசை பிறருக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ், 9-ஆம் நூற்றாண்டில் இறகுகள் பொருத்திய உடையணிந்து உயரத்திலிருந்து பறந்ததாக வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதியிருக்கிறார். பறந்தவர் இறங்கும்போது முதுகில் காயமுற்றார். பறவை இறங்குகையில் தன் வாலைத் துணைகொள்வதை அவர் கவனிக்கத் தவறினார் என்று அக்குறிப்பே காரணமும் சொல்கிறது. நிலவின் பள்ளம் ஒன்றுக்கு இன்று அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

மற்றொருவர், மதரஸா மாணவர் அனைவரும் அறிந்த 'ஸிஹாஹ்' அகராதியின் ஆசிரியர் இமாம் ஜவ்ஹரீ. அரபு மொழிக்கு அருந்தொண்டு செய்த அப்பேரறிஞர், ஹிஜ்ரி 400-ஐ ஒட்டி, நைஸாப்பூர் பள்ளிவாசலின் மேற்கூரையில் ஏறி, மரச் சிறகுகளைக் கட்டிக்கொண்டு பறக்க முயன்று விழுந்து இறந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சொற்களின் வேரை அவ்வளவு நுணுகி ஆராய்ந்தவர், சிறகின் வலிமையை ஒருமுறை தாழ்ந்த இடத்தில் சோதித்துப் பார்த்திருந்தால், அகராதிக்கு அப்பால் இன்னும் எத்தனை நூல்கள் நமக்குக் கிடைத்திருக்குமோ! அவர்களைக் குறை சொல்ல இதை நான் எழுதவில்லை. அறிவும் ஆசையும் இருந்தால் மட்டும் போதாது, ஆயத்தமும் வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கட்டும் கடமை

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா, அவிழ்த்துவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதா என்று ஒருவர் கேட்டபோது, முதலில் கட்டும்படியும், பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததைத் திர்மிதீ பதிவு செய்திருக்கிறார். தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்று திருமறையும் (2:195) விலக்குகிறது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியதைக் கேட்டு வழியிலேயே திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவினார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்பது கலீஃபாவின் பதில். விதியை நம்பியவர்களில் அவர்களைவிட உறுதியானவர் யார்? அவர்களே திரும்பினார்களெனில், தலைக்கவசத்தை அலமாரியில் வைத்துவிட்டு விதியின் மீது பழிபோட நாம் யார்?

அந்த மாணவனுக்கு நான் இவ்வாறு சொன்னேன்: "தம்பி, வான்குதிப்பு நமக்கு ஆகுமா, ஆகாதா என்பதை மார்க்க அறிஞர்கள் அவரவர் நோக்கத்தையும் ஆபத்தின் அளவையும் பார்த்துத் தீர்ப்பளிக்கட்டும். யாரையும் குதிக்கச் சொல்லி நான் அழைக்கவில்லை. ஆனால் கட்டிவிட்டுக் குதிப்பவனுக்கும் கட்டாமல் ஓடுபவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மட்டும் மறந்துவிடாதே. இறந்தவரைப் பற்றி நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. சாவைத் தேடிப் போனவர் வேறு. கவனக்குறைவில் சாவு நேர்ந்தவர் வேறு. உன் காக்கா சாவைத் தேடிப் போகவில்லை. அவருக்காக துஆ செய். அவருடைய தவணை அல்லாஹ்விடம் இருந்தது. ஆனால் உன் தலையைக் காக்கும் கடமை உன்னிடம் இருக்கிறது."

அவன் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "உம்மா இதைத்தான் கேட்டார்கள், ஹஜ்ரத். என்னை உங்களிடம் கேட்டுவரச் சொன்னார்கள்" என்றான். இரண்டு மாதங்களாக அந்தத் தாய் எந்த நெருப்பின் மேல் தொழுகை விரிப்பைப் போட்டிருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "நாளை" என்று நான் தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும் அவருக்கு ஓர் இரவு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

ஆரஞ்சு ஊரின் திடல் இன்றும் இருக்கிறது. உறுப்பினர்களே இலாப நோக்கின்றி நடத்தும் ஒரு சங்கம் அங்கே வான்குதிப்பைத் தொடர்ந்து வந்திருக்கிறது. இஸ்டல் பிற்காலத்தில் கலிஃபோர்னியப் பாலைநிலத்தில் தம் மனைவி பெயரால் ஃபெலிசிட்டி என்றொரு சிற்றூரை அமைத்து, கருங்கற் பலகைகளில் மனித வரலாற்றைச் செதுக்கச் செய்தார். விழுவதை வெல்லக் கற்பித்தவர், நிலைத்திருப்பதைக் கல்லில் தேடினார்! நிலைத்திருப்பவன் அல்லாஹ் ஒருவனே.

சகோதரிகளே! உங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டி புறப்படும்போது "பிஸ்மில்லாஹ்" சொல்லி அனுப்புகிறீர்கள்; நல்லது. அதனோடு இன்னொரு விநாடி நின்று, தலைக்கவசத்தின் வார் பூட்டப்பட்டதா என்றும் பாருங்கள். பூட்டும் ஓசை கேட்ட பிறகு துஆ செய்யுங்கள். ஒட்டகம் கட்டப்பட்டுவிட்டது, இனி அல்லாஹ் போதுமானவன்.

நம் பிள்ளைகளின் ஆசைகளுக்குச் சிறகையும், அச்சிறகுகளுக்கு நல்லறிவின் கட்டையும், வீழும் வேளையில் தன் அருளெனும் குடையையும் வல்ல நாயன் தந்தருள்வானாக! இளமையில் நம்மைப் பிரிந்த பிள்ளைகளின் கப்றுகளை விசாலமாக்கி, அவர்களைப் பெற்றவர்களுக்குப் பொறுமையைக் கொடுப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.